நியூட்ரலில் வந்த டி.சி.

துணை மின்நிலையத்துக்குள் முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். உயர்ந்த புஷிங்குகள், பஸ்பார், இன்சுலேட்டர் சரங்கள் என்று பயமும் வியப்பும் அங்கேயே நின்றுவிடும். டிரான்ஸ்பார்மரின் ஓரத்தில் குட்டையாக இன்னொரு புஷிங் இருக்கும். அதிலிருந்து ஒரு செம்புப் பட்டை தொட்டியின் பக்கவாட்டில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். அதுதான் நியூட்ரல். மூன்று பேஸும் சமமாக ஓடும்வரை அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் ஓடாது. ஷிஃப்ட் பதிவேட்டில் பெரும்பாலும் அதற்கென்று ஒரு கட்டம்கூட இருக்காது. என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பட்டையைச் சுற்றியே கழிந்தது. சூரியனில் நடக்கும் கொந்தளிப்பு மின்கட்டமைப்புக்குள் நுழைவதற்கு அதுவே வாசல்.

தமிழ்நாட்டில் டிரான்ஸ்பார்மர் பராமரிப்பில் வேலை பழகியவன் நான். ஆயில் ஃபில்டர் செய்வது, மெகர் பிடிப்பது, டேப் சேஞ்சரைத் திறந்து கான்டாக்ட் பார்ப்பது எல்லாம் அங்கே கற்றது. பிறகு நியூசிலாந்தின் தென் தீவில், மின்நிலையங்களுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். போன புதிதில் ஒன்று கண்ணில் பட்டது. பல டிரான்ஸ்பார்மர்களின் நியூட்ரல் பட்டையைச் சுற்றி ஒரு வளையம் மாட்டியிருந்தார்கள். சி.டி. (கரன்ட் டிரான்ஸ்பார்மர்) போலத் தெரிந்தது, ஆனால் சி.டி. இல்லை. சி.டி.க்கு டி.சி. தெரியாது. இது ஹால் விளைவில் வேலை செய்யும் சென்சார், டி.சி.யை அளப்பதற்கென்றே வைத்தது. ஏ.சி. கட்டமைப்பின் நியூட்ரலில் டி.சி.க்கு என்ன வேலை?

பதில் அந்த நாட்டின் மின் வரலாற்றில் இருந்தது. 1965இல் தென் தீவின் பென்மோர் நீர்மின் நிலையத்திலிருந்து வட தீவின் ஹேவர்ட்ஸ் வரை, குக் நீரிணையைக் கடலடிக் கேபிளால் கடந்து, ஏறத்தாழ 610 கி.மீ. நீளத்துக்கு உயர் அழுத்த டி.சி. இணைப்பு போட்டார்கள். இரு துருவங்களும் சமமாக ஓடாதபோது மிச்ச மின்னோட்டம் பூமி வழியே திரும்பும். அதற்காகப் பென்மோருக்கு அருகே போக் ராய் என்ற இடத்தில் மின்முனைகளைப் புதைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் போன டி.சி. முழுக்க மண்ணிலேயே போவதில்லை. ஒரு பங்கு பக்கத்து நிலையத்தின் நியூட்ரலில் ஏறி, 220 கே.வி. லைனில் ஓடி, தொலைவில் இன்னொரு நிலையத்தின் நியூட்ரலில் இறங்கும். அதைக் கண்காணிக்கத்தான் வளையங்கள். சூரியனை மனதில் வைத்து யாரும் அவற்றை மாட்டவில்லை. ஆனாலும் காந்தப்புயல் வந்த ஒவ்வொரு முறையும் அவை எழுதி வைத்துக்கொண்டே வந்தன. 2001 முதல் 2015 வரையான அந்தப் பதிவுகளை ஒடாகோ பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ராட்ஜர் குழு ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்பார்மர்களின் நியூட்ரல் டி.சி. ஒரே கட்டமைப்பில் இத்தனை ஆண்டு சேர்ந்து கிடைப்பது மிக அரிது.

அந்த வளையத்தைப் பராமரிப்பதற்கு ஒரு பொறுமை வேண்டும். உறைபனி விழுந்த காலையில் அதன் சுழி ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், வெயில் ஏறினால் மறுபக்கம் வரும். திரையில் தெரியும் இரண்டு ஆம்பியர் நிஜமாகவே ஓடுகிறதா, சுழி நகர்ந்ததில் வந்ததா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. டி.சி. கிளாம்ப் மீட்டரைப் பட்டையில் ஒருமுறை பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மீட்டரைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் மறுபடி பிடிக்க வேண்டும். இரண்டு எண்களின் வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான மின்னோட்டம். மற்றது கருவியின் பிழை. வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறியும் இருக்கும். ஒரு நிலையத்தில் அதை எதிர்ப்புறம் பார்த்து மாட்டிவிட்டிருந்தார்கள். மண்ணுக்குள் இறங்கிய மின்னோட்டமெல்லாம் மண்ணிலிருந்து ஏறியதாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையத்தின் பதிவைத் தனியாகப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. அண்டை நிலையங்களின் எண்களோடு கூட்டியபோதுதான், ஏறியதும் இறங்கியதும் சரிக்கட்டவில்லை என்று பிடிபட்டது. ஓரிடத்தில் ஏறியது வேறெங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும். இந்தத் தொழிலில் நான் அதிகம் நம்பிய சோதனை அந்தக் கூட்டல்தான்.

சூரியனின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியன் சில சமயம் தன் வளிமண்டலத்தின் ஒரு பெரும் துண்டைக் காந்தப்புலத்தோடு சேர்த்து வீசி எறிகிறது. அது பூமியை நோக்கி வந்து, அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கியும் இருந்துவிட்டால், பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து வான்மேல் மண்டலத்தில் பெரிய மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும். தரையில் காந்தப்புலம் ஆடும். மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்பது ஃபாரடே விதி. அந்த மின்புலம் கேட்பதற்கு அற்பம், கிலோமீட்டருக்கு ஒரு வோல்ட், பெரும்புயலில் சில வோல்ட். ஆனால் லைன் 300 கி.மீ. நீளம் என்றால் ஒரு வோல்ட் 300 வோல்ட் ஆகிறது. மூன்று பேஸ் கம்பிகளும் இணையாகச் சேர்ந்து, இரு முனையின் வைண்டிங்கும் எர்த்தும் கூட்டினாலும் மொத்த மின்தடை சில ஓம்தான். மூன்று ஓம் என்று வைத்துக்கொண்டால் நியூட்ரலில் நூறு ஆம்பியர். மின்னழுத்தம் உயர உயர, இழப்பைக் குறைப்பதற்காகக் கம்பியின் மின்தடையையும் குறைத்துக்கொண்டே போகிறோம். நல்ல வடிவமைப்பு என்று நாம் பெருமைப்படும் அதே குணம்தான் இந்த மின்னோட்டத்துக்கு வழி அகலமாக்கிக் கொடுக்கிறது. அடியில் பழைய கடினப் பாறை இருந்தால் நிலம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, மின்புலம் இன்னும் கூடும். தென் தீவின் தெற்குப் பகுதியில் பாறையும் அப்படி, பக்கத்தில் கடலும் உண்டு. கடல்நீர் நன்றாகக் கடத்தும், பாறை கடத்தாது, இரண்டும் சந்திக்கும் கரையோரத்தில் மின்புலம் இன்னும் உயர்கிறது.

இந்த மின்னோட்டம் ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு மாறச் சில நிமிடங்கள் எடுக்கும். 20 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று முடிக்கும் 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மருக்கு அது டி.சி.யேதான்.

நல்ல டிரான்ஸ்பார்மருக்குத் தன் கோரைக் காந்தமாக்கிக்கொள்ள, முழுச்சுமை மின்னோட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே போதும். கோரின் இரும்பு கொள்ளக்கூடிய அளவுக்குச் சற்றுக் கீழேயே காந்தப்பாயம் மேலும் கீழும் ஆடும்படி வடிவமைப்பாளர் கணக்குப் போட்டிருப்பார். நியூட்ரல் வழியாக டி.சி. வந்தால் அந்த ஆட்டம் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். சுற்றின் ஒரு பாதியில் இரும்பு நிறைந்துபோகிறது, மறுபாதியில் பழையபடி இருக்கிறது. நிறைந்த பாதியில் காந்தமாக்கும் மின்னோட்டம் கூரான முள்ளாக எழும். அதன் பின்னால் மூன்று தொல்லைகள் வரிசையாக வரும். இரும்புக்குள் அடங்காத காந்தப்பாயம் வெளியே கசிந்து தொட்டிச் சுவரையும் கோரை இறுக்கும் கிளாம்புகளையும் சூடாக்கும். டிரான்ஸ்பார்மர் திடீரென்று ரியாக்டிவ் பவரை உறிஞ்சத் தொடங்கி மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும். மூன்றாவது தொல்லை, ஹார்மோனிக்ஸ். ஆரோக்கியமான கட்டமைப்பில் அநேகமாக இல்லாத இரட்டைப்படை ஹார்மோனிக்குகள்கூட, 100 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் என்று கிளம்பி லைனெங்கும் பரவும்.

எல்லா டிரான்ஸ்பார்மரும் ஒன்றுபோல் பாதிக்கப்படாது. ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனித் தொட்டியாக இருக்கும் சிங்கிள் பேஸ் பேங்குதான் மிகவும் இளகியது. டி.சி. பாயத்துக்கு அதில் இரும்பிலேயே முழு வழி கிடைக்கிறது. மூன்று கால் கோர் கொண்ட மூன்று பேஸ் டிரான்ஸ்பார்மரில் மூன்று காலிலும் டி.சி. பாயம் ஒரே திசையில் தள்ளும், திரும்பி வர இரும்பு கிடைக்காது, ஆயிலையும் தொட்டியையும் கடந்துதான் வரவேண்டும். அதனால் அது எளிதில் நிறையாது. இதை அறியாமல் நியூட்ரல் ஆம்பியரை மட்டும் வைத்து எது ஆபத்தில் இருக்கிறது என்று வரிசை போடக் கூடாது. 20 ஆம்பியர் ஒரு தொட்டிக்கு ஒன்றுமில்லை, பக்கத்துத் தொட்டிக்கு அதிகம்.

2017 செப்டம்பர் 8ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஆயில் மாதிரி எடுக்கும் வழக்கமான வேலைக்காக ஒரு நிலையத்தில் இருந்தேன். காலை பதினொரு மணி வாக்கில் புயலின் முதல் அடி விழுந்தது. எனக்கு அதைச் சொன்னது போன் இல்லை, டிரான்ஸ்பார்மர். அதன் 100 ஹெர்ட்ஸ் முனகல் நாங்கள் கவனிப்பதையே விட்டுவிட்ட ஒன்று. அதன் அடியில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. சில நிமிடம் ஏறி, தணிந்து, மறுபடி ஏறியது. சீராக ஓடும் விசைத்தறியில் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்தால் எழும் சத்தம் போல இருந்தது. ரேடியேட்டர் குழாயில் உள்ளங்கையை வைத்தேன். வெப்பம் மாறவில்லை, ஆனால் அதிர்வு மாறியிருந்தது. ஆயில் தெர்மாமீட்டர் முள் அசையவேயில்லை. ஆயிலின் மேல்மட்ட வெப்பம் ஏறுவதற்கு மணிக்கணக்காகும். உள்ளே கிளாம்பின் ஒரு மூலை அதற்குள் நிமிடங்களில் சுட்டிருக்கும். மீட்டர் பலகையை மட்டும் நம்பும் ஆள் அந்த நேரம் அங்கே இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருப்பார். அந்தப் புயலில் டனீடின் பகுதிக் கட்டமைப்பிலிருந்து கிளம்பிய ஹார்மோனிக்குகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ரேடியோ ஆன்டெனாவே பிடித்துப் பதிவு செய்தது.

டனீடின் என்றதும் 2001 நவம்பர் 6 நினைவுக்கு வராமல் போகாது. அங்கே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் சம்பவம் அது. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்பு புயலின் தொடக்க அடி பூமியைத் தொட்டது. கிரைஸ்ட்சர்ச்சுக்கு அருகே இஸ்லிங்டன் நிலையத்தில், மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாட்டிக் வார் காம்பன்சேட்டர் டிரிப் ஆனது. டனீடினில் ஹாஃப்வே புஷ் நிலையத்தின் ஒரு டிரான்ஸ்பார்மர் ஒரு நிமிடத்துக்குள் பழுதாகி, மீட்க முடியாமல் போனது. புயல் நாள்முழுக்க வளர்ந்து வந்து தாக்கவில்லை, முதல் நிமிடத்திலேயே அடித்தது. முன்னெச்சரிக்கையைப் பற்றி யார் பேசினாலும் நான் இதைச் சொல்வேன். செயற்கைக்கோள் தகவல் வந்து, கட்டுப்பாட்டு அறை கூடிப் பேசி, முடிவெடுத்துச் செய்யும் காரியமாக இதை வைத்துக்கொண்டால் அந்த முதல் நிமிடம் கைநழுவிவிடும்.

ஆனால் நிமிடத்தில் சாகும் டிரான்ஸ்பார்மர் அபூர்வம். பெரும்பாலும் காயம் உள்ளே மெதுவாக வளர்கிறது. 1989 மார்ச் புயலில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மரில் குறைந்த அழுத்த வைண்டிங்கின் இணைப்புகள் சூட்டில் கருகின. 2003 அக்டோபர் இறுதியில் வந்த புயல்களுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் பல பெரிய டிரான்ஸ்பார்மர்களின் ஆயிலில் வாயுக்கள் ஏறத் தொடங்கின. அடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. அங்கே இதை ஆராய்ந்த காண்ட், கூட்ஸி இருவரும் 2007இல் எழுதிய கட்டுரைதான் என் பார்வையை மாற்றியது. தென்னாப்பிரிக்கா துருவத்துக்கு அருகில் இல்லை. ஆபத்தில்லாத பகுதி என்று எல்லோரும் கருதியிருந்த இடம்.

அதனால்தான் ஆயில் மாதிரி எடுப்பதில் நான் யாரையும் அவசரப்பட விட்டதில்லை. கீழ் வால்வைத் திறந்ததும் வரும் ஆயில் வால்வுக்குள் தேங்கிக் கிடந்தது, அதை விட்டுவிட வேண்டும். கண்ணாடி சிரிஞ்சை ஒருமுறை ஆயிலால் கழுவி, தன் அழுத்தத்திலேயே பிஸ்டன் மெல்லப் பின்னால் வரும்படி நிரப்ப வேண்டும். கையால் இழுத்தால் ஆயிலில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகப் பிரிந்துவிடும். ஒரு சிறு குமிழி உள்ளே இருந்தாலும் அந்த மாதிரி செல்லாது. ஹைட்ரஜன் சிறு சூட்டிலும் மின்கசிவிலும் வரும். எத்திலீன் ஏறினால் உலோகம் எங்கோ நன்றாகச் சுட்டிருக்கிறது. அசிட்டிலீன் தெரிந்தால் உள்ளே பொறி பறந்திருக்கலாம். கார்பன் மோனாக்சைடு காகிதத்தைப் பற்றிச் சொல்லும். காகித இன்சுலேஷன் ஒருமுறை வெந்துவிட்டால் ஆயிலை எத்தனை முறை ஃபில்டர் செய்தாலும் திரும்பாது. புயலுக்கு முன் எடுத்த மாதிரி ஒன்று, புயல் தணிந்த சில நாளில் ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை தெரியும். முதலாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் எண்கள்.

கனடாவின் கியூபெக்கை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள், பாதியைத் தவறாகவும் சொல்வார்கள். 1989 மார்ச் 13 அதிகாலை 2.44க்கு அந்த மாகாணம் முழுவதும் இருண்டது. அறுபது லட்சம் பேருக்கு மின்சாரம் போனது, பெரும்பகுதி திரும்பி வர ஒன்பது மணிநேரம் ஆனது. டிரான்ஸ்பார்மர்கள் எரிந்ததால் வந்த இருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். நிறைவுற்ற டிரான்ஸ்பார்மர்கள் கிளப்பிய ஹார்மோனிக்கை, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த காம்பன்சேட்டர்களின் பாதுகாப்பு ரிலேக்கள் பழுது என்று எடுத்துக்கொண்டன. ஏழு காம்பன்சேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நிமிடத்துக்குள் டிரிப் ஆயின. தாங்க ஆளில்லாமல் வடக்கிலிருந்து வந்த 735 கே.வி. லைன்கள் விழுந்தன. ஆரம்பம் முதல் முடிவு வரை இரண்டு நிமிடம்கூட இல்லை. 2003 அக்டோபர் 30 இரவு சுவீடனின் மால்மோவில் ஐம்பதாயிரம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனதும் இதே வகை. 130 கே.வி. லைன் ஒன்றின் ரிலே மூன்றாவது ஹார்மோனிக்குக்கு, அதாவது 150 ஹெர்ட்ஸுக்கு, அளவுக்கு மீறி உணர்திறன் காட்டியது.

ஆகவே டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றப் போகிறவர் ரிலே செட்டிங் தாளிலும் உட்கார வேண்டும். நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். கெப்பாசிட்டர் பேங்கின் அன்பேலன்ஸ் ரிலே ஹார்மோனிக்கைக் கணக்கில் எடுக்கிறதா, வடிகட்டிவிடுகிறதா? பழைய எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேயும் புதிய டிஜிட்டல் ரிலேயும் ஒரே புயலை ஒரே மாதிரி பார்க்காது. மின்னழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் கெப்பாசிட்டர் பேங்க் கழன்றுகொண்டால் அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. கியூபெக்கில் பின்னால் காம்பன்சேட்டர்களின் டிரிப் அளவை உயர்த்தினார்கள், 735 கே.வி. லைன்களில் தொடர் கெப்பாசிட்டர்களும் போட்டார்கள். தொடர் கெப்பாசிட்டர் உள்ள லைனில் டி.சி. ஓடாது.

அப்படியானால் நியூட்ரலிலேயே ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு டி.சி.யை அடைத்துவிடலாமே என்று எந்தப் புதிய பொறியாளரும் கேட்பார். நல்ல கேள்வி. நியூட்ரலை நேரடியாக எர்த் செய்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லைனில் பேஸ் ஒன்று மண்ணைத் தொட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் அந்த நியூட்ரல் வழியே வரும். ரிலே பழுதைக் கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான். அந்தக் கணத்தில் கெப்பாசிட்டரை விலக்கி நேர்வழி திறக்கும் சாதனம் மில்லி செகண்டுகளில் வேலை செய்ய வேண்டும், ஒருமுறையும் தவறக் கூடாது. அப்படிப்பட்ட சாதனங்கள் அமெரிக்காவில் 2015 முதல் சில நிலையங்களில் வேலை செய்கின்றன. அடுத்த சிக்கல், ஓரிடத்தில் அடைத்த மின்னோட்டம் மறைந்துவிடாது, பக்கத்து நிலையத்துக்கு நகரும். ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை அடைத்தாலும் உயர் அழுத்த லைனிலிருந்து குறைந்த அழுத்த லைனுக்குத் தொடர் வைண்டிங் வழியே டி.சி. கடந்து போய்க்கொண்டேதான் இருக்கும். பின்லாந்தில் வேறு பாதை எடுத்தார்கள். அங்கே 400 கே.வி. டிரான்ஸ்பார்மர்களின் நியூட்ரலில் ரியாக்டர் இருக்கிறது, அதன் மின்தடை டி.சி.யைக் குறைக்கிறது. 1999இல் ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் வேண்டுமென்றே 200 ஆம்பியர் டி.சி.யைச் செலுத்தி அது தாங்குகிறதா என்று களத்திலேயே சோதித்தும் பார்த்தார்கள். அந்தத் துணிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

என் கருத்து நேரானது. முதலில் அளவு. அடுத்து கட்டமைப்பு முழுவதற்குமான மாதிரி, நிலத்தடிப் பாறை உட்பட. பிறகு எந்த லைனைத் திறந்தால் எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு குறையும் என்ற பட்டியல். அதற்கும் அடங்காத இடத்தில் மட்டும் அடைப்புச் சாதனம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விற்பனையாளர் சொன்ன இடத்திலெல்லாம் சாதனம் வாங்கி வைப்பது பணத்தையும் ஆபத்தையும் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான். அமெரிக்காவில் 2013இல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்ட பிறகு கட்டமைப்பு நிறுவனங்கள் நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலை வைத்துக் கணக்குப் போட்டாக வேண்டும். கிலோமீட்டருக்கு 8 வோல்ட் என்பது அவர்களின் ஆதார அளவு. பேஸுக்கு 75 ஆம்பியருக்கு மேல் வரும் டிரான்ஸ்பார்மரின் வெப்பத்தைத் தனியே ஆராய வேண்டும். குறைகள் இருந்தாலும், இதைச் சட்டமாக்கியது பெரிய காரியம். பெரிய டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. ஆர்டர் கொடுத்து ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும், வந்த பிறகு பாலங்கள் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும்.

2024 மே மாதம், எந்த லைனைத் திறப்பது என்ற அந்தப் பட்டியலுக்கு வேலை வந்தது. நியூசிலாந்து நேரப்படி 11ஆம் தேதி அதிகாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் முதல் அடி. 2003க்குப் பிறகு உலகம் பார்த்த முதல் ஜி5 நிலை, அதாவது உச்ச நிலைப் புயல். மின்கட்டமைப்பை நடத்தும் டிரான்ஸ்பவர் நிறுவனம் கட்டமைப்பு அவசரநிலை அறிவித்து, தென் தீவில் முன்பே தீர்மானித்திருந்த சில லைன்களைத் திறந்துவிட்டது. வீடுகளில் ஒரு விளக்கும் அணையவில்லை. ஊரெல்லாம் அன்றிரவு வெளியே நின்று செந்நிற வானத்தைப் படமெடுத்தது. லடாக்கின் ஹான்லேயிலும் அந்தச் சிவப்பு தெரிந்தது என்று மறுநாள் படித்தேன். நானும் கூட வேலை பார்த்தவர்களும் நியூட்ரல் எண்களின் முன்னால் இருந்தோம். லைன் திறந்ததும் எந்த வளையத்தில் எண் குறைய வேண்டும் என்று மாதிரி சொல்லியிருந்ததோ அங்கே குறைந்தது. ஆய்வாளர்களும் கட்டமைப்பாளர்களும் ஆண்டுக்கணக்காக ஒரே மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. இந்தத் தொழிலில் என் மனம் மிகவும் நிறைந்த நாள் அதுதான்.

அதன் பிறகு ஊரிலிருந்து, முன்பு என்னிடம் வேலை பழகி இப்போது உதவி செயற்பொறியாளராக இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "சார், அங்க துருவத்துப் பக்கம், சரி. நாம பூமத்திய ரேகைகிட்ட இருக்கோமே, நமக்கு எதுக்கு சார் இது?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. காந்தப்புலத்தின் நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதன் மேலே, தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டப் பட்டை ஓடுகிறது. அதை ஆராய்வதற்கென்றே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் திருநெல்வேலியில் இருக்கிறது. புயலின் முதல் அடி பகலில் விழுந்தால், அந்தப் பட்டைக்குக் கீழே காந்தப்புலத்தின் துள்ளல் அக்கம்பக்க இடங்களைவிடக் கூடுதலாக இருக்கும். துருவப் பகுதியில் வரும் மின்புலம் நமக்கு வராது, அதைப் பெரிதுபடுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் லைன்கள் 400 கே.வி., 765 கே.வி. என்று வளர்ந்துவிட்டன, நீளமும் கூடிவிட்டது. இந்தியாவுக்கு இதில் பழைய சொத்தும் இருக்கிறது. 1859 செப்டம்பரின் பெரும்புயலை பம்பாயின் கொலாபா காந்த ஆய்வகம் பதிவு செய்திருக்கிறது. காந்தப்புலம் அன்று 1600 நானோடெஸ்லா அளவுக்கு விழுந்த அந்தப் பதிவை உலகம் இன்றும் எடுத்துப் பார்க்கிறது. பின்னால் டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் வரப்போகிறது, அது அளவைக் கெடுக்கும் என்று 1904இல் ஆய்வகத்தையே அலிபாகுக்கு மாற்றினார்கள். மின்சாரத்திடமிருந்து காந்தமானியைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்ட நாடு நம்முடையது. இன்று ஆதித்யா எல்1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் சூரியக் காற்றையும் அதன் காந்தப்புலத்தையும் அளந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து எச்சரிக்கை வந்தாலும் நம் கையில் கிடைப்பது அதிகம் போனால் ஒரு மணிநேரம்.

"அப்ப எந்த டிரான்ஸ்பார்மர்ல முதல்ல மாட்டணும் சார்?" என்றார்.

நீண்ட லைன் வந்து முடியும் கடைசி நிலையம், கடலோரம், சிங்கிள் பேஸ் பேங்க். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் அங்கே தொடங்கச் சொன்னேன். பெரிய மின்உற்பத்தி நிலையத்தின் ஜெனரேட்டர் டிரான்ஸ்பார்மர் என்றால் அதுவே முதலிடம். நிமிட சராசரி போதாது, முதல் அடி அதில் கரைந்துவிடும், பத்து செகண்டுக்கு ஒன்றாவது பதிவாக வேண்டும். நேரம் ஜி.பி.எஸ்.ஸோடு ஒட்டியிருக்க வேண்டும். பொருத்தும் வாரத்திலேயே ஆயில் மாதிரி எடுத்து வைத்துவிட வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

"ரெண்டு பேங்க் பக்கத்துப் பக்கத்துல இருக்கு சார், நியூட்ரல் ரெண்டும் சேர்ந்துதான் எர்த்துக்குப் போகுது. சேர்ற இடத்துல ஒண்ணு மாட்டினா போதும்ல?"

போதாது என்றேன். சேர்ந்த பட்டையில் மொத்தம்தான் தெரியும். இரண்டு பேங்கின் வைண்டிங் மின்தடை ஒன்றாக இருக்காது, டி.சி. சமமாகப் பிரியாது, சூடாவது ஒன்று மட்டுமாகவும் இருக்கலாம். சேர்வதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக மாட்டி, இரண்டு அம்புக்குறியும் மண்ணைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னேன்.

"சரி சார், ரெண்டு வளையம்னே போட்டு எஸ்டிமேட் எழுதறேன்."